மலைகளா கிரேக்கர்களைப் பிரித்தன?

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்கிறீர்கள். உங்கள் புத்தகத்தில் கிரேக்கம் மலைப்பாங்கான நாடு, அதனால் அங்கே நகர அரசுகள் (ஒரு நகரமும் அதைச் சுற்றிய வயலும் சேர்ந்த தனித்தனி நாடுகள்) தோன்றின என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அடுத்த பக்கத்தில் மினோவர், மைசீனியர் என்று இரண்டு பெயர்கள் வருகின்றன; அவர்களுக்கும் பின்னால் வரும் ஏதென்ஸ், ஸ்பார்ட்டாவுக்கும் என்ன உறவு என்று பிடிபடவில்லை. சங்கப் பாட்டில் வரும் யவனர் இவர்கள்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும், உங்களை உறுத்துவது அந்த "அதனால்" என்ற ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். மலை இருந்தது, சரி. நகர அரசுகள் இருந்தன, அதுவும் சரி. ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நான் கல்லூரியில் இருபது வருடங்களுக்கு மேல் பண்டைய வரலாறு நடத்தியவன். ஆரம்பத்தில் அந்த ஒரே வரியைத்தான் நானும் கரும்பலகையில் எழுதினேன், மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். நான் அகழாய்வு செய்தவன் இல்லை. பழைய கிரேக்க மொழியை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்கத் தெரியும். களிமண் பலகை எழுத்துகளைப் பற்றிச் சொல்லும்போது அதில் ஊறிய அறிஞர்கள் படித்துச் சொன்னதை நம்பித்தான் சொல்கிறேன். இரண்டு முறை அந்த நாட்டுக்குப் போய் நடந்து பார்த்திருக்கிறேன். எது உறுதி, எது ஊகம் என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நிலத்தைப் பற்றிய அடிப்படை விஷயங்களில் சந்தேகம் இல்லை. இன்றைய கிரீஸின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றும்தான். பிண்டஸ் மலைத்தொடர் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நாட்டின் முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது. ஒலிம்பஸ் 2,917 மீட்டர் உயரம். மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், அதனால் பெய்யும் மழை மேலே தங்காமல் உள்ளே இறங்கி எங்கேயோ ஊற்றாக வெளியே வரும். ஆறுகள் சின்னவை, கோடையில் பல வற்றிப்போகும், நைல் மாதிரிப் படகு விட்டு ஊருக்கு ஊர் போக முடியாது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அதுவும் மேற்கிலிருந்து வரும் மேகம் பிண்டஸில் மோதி அங்கேயே பெய்துவிடுவதால், மேற்குக் கரையை ஒட்டிய கோர்ஃபூ தீவில் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, கிழக்கே இருக்கும் ஏதென்ஸில் சுமார் 400 மில்லிமீட்டர்தான். கோதுமை விளையப் பருவத்தில் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் வேண்டும், பார்லிக்கு 200 போதும்; ஏதென்ஸில் மழை குறையும் வருடத்தில் கோதுமை பொய்க்கும், பார்லி பிழைக்கும். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாவில் ஏன் பார்லியே பெரும்பாலும் விளைந்தது, ஏன் பிற்காலத்தில் கருங்கடல் பக்கத்திலிருந்து தானியக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் இந்த எண்களிலேயே இருக்கிறது. ஆலிவ் மரமும் திராட்சைக் கொடியும் பாறைச் சரிவில், தானியம் வராத மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். தானியம், ஆலிவ், திராட்சை, கூடவே ஆடு. ஒரு சாதாரணக் குடும்பத்தின் பிழைப்பு இவ்வளவுதான்.

இந்த நிலத்தில் ஒரு பள்ளத்தாக்கில் நல்ல விளைச்சல் இருக்கும் அதே வருடம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அதனால் தனித்து இருப்பவன் பட்டினி கிடப்பான். அக்கம்பக்கத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவன் பிழைப்பான். மலை மனிதர்களைப் பூட்டி வைத்தது என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கடல்தான் அவர்களுக்குச் சாலை. கிரீஸின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் எங்கே நின்றாலும் கடல் நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஏஜியன் கடலில் படகில் போனால் பெரும்பாலும் ஏதாவது ஒரு தீவு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கப்பலின் மேல்தளத்தில் நின்று ஒரு தீவு மறையும்முன் அடுத்தது எழுவதைப் பார்த்த அன்றுதான் எனக்கு இது முழுதாக உறைத்தது. இந்தக் கடல் பயணம் எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சான்று உண்டு. கிரீஸின் தெற்குத் தீபகற்பமான பெலொப்பொனீஸின் கிழக்குக் கரையில் ஃபிராங்க்தி என்றொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த கறுப்பு எரிமலைக் கண்ணாடிக்கல், மீலோஸ் தீவிலிருந்து வந்தது. விவசாயம் கிரேக்கத்துக்கு வந்தது கி.மு. 7000ஐ ஒட்டி. அதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே யாரோ கடலில் போய்க் கத்தி செய்ய அந்தக் கல்லை எடுத்துவந்திருக்கிறார்கள்.

இப்போது "மலை பிரித்தது" என்ற வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் கீயோஸ் என்று ஒரு தீவு, மொத்தப் பரப்பே சுமார் 130 சதுர கிலோமீட்டர். அதற்குள் நான்கு தனித்தனி நகர அரசுகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே நாளில் நடந்து போய்விடலாம். எந்த மலை அவர்களைப் பிரித்தது? அட்டிகாவுக்கு வடமேற்கே இருக்கும் போயோஷியா ஓரளவு திறந்த சமவெளி, விவசாயத்துக்கு நல்ல பூமி. அங்கே தீப்ஸ், ஆர்க்கோமெனோஸ், பிளாட்டீயா, தெஸ்பியே என்று பல நகரங்கள், ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு. அட்டிகாவோ பார்னஸ், பெண்டெலிக்கான், ஹைமெட்டஸ் என்று மலைகளால் வெட்டுப்பட்ட இடம், சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அது முழுவதும் ஏதென்ஸ் என்ற ஒரே அரசு. ஸ்பார்ட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்கே டேஜெட்டஸ் மலை 2,400 மீட்டர் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கிறது. கலமாட்டாவிலிருந்து அந்தக் கணவாய் வழியாகப் பேருந்தில் வந்திருக்கிறேன், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிசையும் பாதை. அந்த மலையைத் தாண்டிப் போய்த்தான் ஸ்பார்ட்டர்கள் மெசீனியாவைப் பிடித்து, அங்கிருந்த மக்களை ஹெலட் என்ற அடிமை உழவர்களாக்கி, கி.மு. 369இல் தீப்ஸின் தளபதி எபாமினோண்டாஸ் விடுவிக்கும்வரை சில நூற்றாண்டுகள் அந்த உழைப்பில் சாப்பிட்டார்கள். தடுக்க வேண்டிய இடத்தில் மலை தடுக்கவில்லை, தடையே இல்லாத இடத்தில் மக்கள் பிரிந்து இருந்தார்கள்.

இதைவிட வலுவான சான்று, அதே மலைகளுக்கு நடுவே இந்த நகர அரசுகளுக்கு அறுநூறு எழுநூறு வருடங்களுக்கு முன்னால் வேறு மாதிரி அரசுகள் இருந்தன என்பது. இங்கேதான் உங்கள் மினோவரும் மைசீனியரும் வருகிறார்கள்.

மினோவர் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. 1900இல் கிரீட் தீவின் க்னோசோஸில் தோண்ட ஆரம்பித்த ஆர்தர் எவன்ஸ், கிரேக்கப் புராணத்தில் வரும் மினோஸ் அரசனை மனதில் வைத்துப் பரப்பிய பெயர் அது. கி.மு. 1900ஐ ஒட்டி க்னோசோஸ், ஃபைஸ்டோஸ், மாலியா போன்ற இடங்களில் பெரிய அரண்மனைகள் எழுந்தன, கி.மு. 1700 அளவில் இடிந்து மீண்டும் இன்னும் பெரிதாகக் கட்டப்பட்டன, கி.மு. 1450 அளவில் க்னோசோஸ் தவிரப் பெரும்பாலானவை எரிந்துபோயின. நடுவில் பெரிய முற்றம், தானியமும் எண்ணெயும் வைக்க ஆள் உயர ஜாடிகள், கணக்கு எழுத லீனியர் ஏ என்று நாம் அழைக்கும் எழுத்து. இவ்வளவு உறுதி. அந்த எழுத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை, அதனால் அவர்கள் பேசிய மொழி எது என்று சொல்ல முடியாது. கிரேக்கம் இல்லை என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. அவர்கள் போரே அறியாத அமைதியான மக்கள் என்று எவன்ஸ் காலத்துப் புத்தகங்களில் இருக்கும். பெரிய கோட்டைச் சுவர் இல்லை என்பதிலிருந்து வந்த ஊகம் அது, இன்றைக்கு அதை அப்படியே ஏற்பவர்கள் குறைவு. க்னோசோஸில் இன்று நாம் பார்க்கும் சிவப்புத் தூண்களில் நிறைய எவன்ஸ் கான்கிரீட்டில் எழுப்பியவை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேரா எரிமலை பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எந்தக் காணொளியைப் பார்த்தாலும் அந்த எரிமலைதான் மினோவ நாகரிகத்தை அழித்தது என்று சொல்லிவிடுகிறார்கள். இன்று சாண்டோரினி என்று சுற்றுலாப் பயணிகள் குவியும் தீவுதான் தேரா. அது வெடித்தது உண்மை, மிகப் பெரிய வெடிப்பு. அங்கே அக்ரோத்திரி என்ற ஊர் சாம்பலுக்கு அடியில் சுவரோவியங்களோடு அப்படியே கிடைத்தது; ஸ்பைரிடான் மரினாடோஸ் 1967இல் தோண்டத் தொடங்கினார். 1939லேயே, கிரீட்டின் வீழ்ச்சிக்கு இந்த எரிமலைதான் காரணம் என்று எழுதியவரும் அவர்தான். அழகான கருத்து. ஆனால் கிரீட்டின் கிழக்கே மோக்லோஸ் போன்ற இடங்களில் தேராவின் சாம்பல் படிந்த அடுக்குக்கு மேலே மக்கள் புதிதாக வீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். வெடிப்புக்கும் அரண்மனைகள் எரிந்ததற்கும் நடுவே குறைந்தது சில பத்தாண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளி. எத்தனை வருடம் என்பதில்தான் சண்டை: கார்பன் கணக்கு கி.மு. 1600ஐ ஒட்டிக் காட்டுகிறது, எகிப்தியக் காலவரிசையோடு பொருத்திப் பார்ப்பவர்கள் அதைவிடப் பிந்தைய காலத்துக்குத் தள்ளுகிறார்கள். எரிமலை அவர்களைப் பலவீனப்படுத்தியிருக்கலாம். ஒரே அடியில் அழித்தது என்று தேர்வில் எழுதாதீர்கள்.

கிரீஸின் பெருநிலத்தில் அரண்மனைகள் கட்டி ஆண்ட மைசீனியர் கிரேக்கர்கள்தான். இதை ஊகமாக இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் 1952. க்னோசோஸிலும், 1939இல் அமெரிக்க அகழாய்வாளர் கார்ல் பிளேகன் தோண்டத் தொடங்கிய முதல் நாளே பெலொப்பொனீஸின் தென்மேற்கில் உள்ள மைசீனிய அரண்மனையான பைலோஸிலும், லீனியர் பி என்ற எழுத்தில் களிமண் பலகைகள் கிடைத்திருந்தன. ஆலிஸ் கோபர் என்ற அமெரிக்கப் பேராசிரியை, இந்த எழுத்தில் சொற்களின் ஈறு எப்படி மாறுகிறது என்று பல வருடங்கள் அட்டை அட்டையாக எழுதி அடித்தளம் போட்டார், முடிவைப் பார்க்காமலே 1950இல் இறந்துபோனார். அதன் மேல் நின்று மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1952இல் பூட்டைத் திறந்தார். ஜான் சாட்விக் என்ற மொழியறிஞர் அவரோடு சேர்ந்துகொண்டார். உள்ளே இருந்தது கிரேக்கம், அதுவும் அன்று கையில் இருந்த கிரேக்கத்தைவிட ஐந்நூறு வருடம் பழைய கிரேக்கம். பலர் நம்பவில்லை. அப்போது பிளேகன் பைலோஸில் புதிதாகக் கிடைத்த ஒரு பலகையை வென்ட்ரிஸின் முறைப்படி படித்துப் பார்த்தார். மூன்று கால் பாத்திரத்தின் படம் இருந்த இடத்தில் "திரிபோட்" என்று வந்தது. அடுத்தடுத்து ஜாடிப் படங்கள்: நாலு கைப்பிடி வரைந்த இடத்தில் நாலு என்ற சொல், மூன்று இருந்த இடத்தில் மூன்று, கைப்பிடியே இல்லாத இடத்தில் கைப்பிடி இல்லாதது என்ற சொல். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தற்செயலாக இப்படி வராது.

அந்தப் பலகைகளில் வீரகாவியம் எதுவும் இல்லை. ஆடு எத்தனை, கம்பளி எவ்வளவு, எண்ணெய் யாருக்கு, எந்தக் கொல்லனுக்கு எவ்வளவு வெண்கலம் என்று கணக்குப்பிள்ளை எழுதிய பட்டியல்கள்தான். சுடாத களிமண், அரண்மனை எரிந்தபோது தீயில் வெந்ததால் மட்டுமே நமக்குக் கிடைத்தன. உங்கள் கேள்விக்கு நேரான பதிலும் இங்கேதான் கிடைக்கிறது. பைலோஸ் அரசு தன் நாட்டை இரண்டு மாகாணமாகப் பிரித்து வைத்திருந்தது. அவற்றின் பெயர்களை, நடுவே நிற்கும் அய்கலேயோன் மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றுதான் அறிஞர்கள் பெரும்பாலும் படிக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒன்பது வட்டாரம், அந்தப் பக்கம் ஏழு, எல்லாவற்றிலிருந்தும் வரி ஒரே அரண்மனைக்கு. மலை அங்கேயேதான் இருந்தது. அதைத் தாண்டி ஆட்சி செய்தார்கள், அதன் பெயரையே நிர்வாகப் பெயராக வைத்துக்கொண்டார்கள். இந்தப் பலகைகளைப் பற்றிப் படித்த பிறகுதான் நான் அந்த ஒரே வரியைக் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தினேன்.

இன்னொரு இடத்தையும் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம். போயோஷியாவில் கோபாயிஸ் என்றொரு பள்ளம், சுமார் 200 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலை, உள்ளே வரும் ஆற்று நீருக்குக் கடலுக்கு நேர் வழி கிடையாது, ஓரத்தில் இருக்கும் பாறைப் பிளவுகள் வழியாகத்தான் பூமிக்குள் இறங்கவேண்டும். சும்மா விட்டால் அது சதுப்பும் ஏரியும். கி.மு. 1300 அளவில் மைசீனியர்கள் அங்கே மைல் கணக்கில் கால்வாயும் கரையும் கட்டி, ஆற்றைப் பள்ளத்தின் ஓரமாகத் திருப்பி அந்தப் பிளவுகளுக்குக் கொண்டுபோய், நடுவில் இருந்த நிலத்தை வயலாக்கினார்கள். காவலுக்கு கிளா என்ற கோட்டை, சுற்றுச்சுவர் மட்டும் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். கி.மு. 1200ஐ ஒட்டி கிளா எரிந்தது. கரைகளைப் பராமரிக்க ஆள் இல்லை, தண்ணீர் திரும்பி வந்தது, ஏரி திரும்பி வந்தது. பிற்கால ஏதென்ஸ்காரர்களுக்குக் கோபாயிஸ் என்றால் கொழுத்த விலாங்கு மீன், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் பின்னர் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் வந்து மறுபடி வடித்தபோதுதான் பழைய கரைகள் வெளியே தெரிந்தன. ஒரே பள்ளம், ஒரே மலை. கூட்டி வேலை வாங்க ஓர் அரசு இருந்தபோது வயல், இல்லாதபோது ஏரி. புவியியல் வரலாற்றை எழுதுகிறது என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பள்ளத்தைத்தான் காட்டுவேன்.

இந்த அரசுகள் ஏன் விழுந்தன என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கி.மு. 1200க்கு முன்பின் சில பத்தாண்டுகளுக்குள் பைலோஸ், மைசீனி, டிரின்ஸ் எல்லாம் எரிந்தோ இடிந்தோ போயின. அதே காலத்தில் இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசு சரிந்தது, சிரியக் கரையில் உகாரிட் அழிந்தது. வெண்கலம் செய்யத் தகரம் வேண்டும், தகரம் கிரேக்கத்தில் கிடையாது, தூர தேசத்திலிருந்து கைமாறி வரவேண்டும். துருக்கிக் கரையை ஒட்டி உலுபுருன் என்ற இடத்தில் 1982இல் ஒரு கடற்பஞ்சு மூழ்காளர் கண்டுபிடித்த கப்பலில், சுமார் கி.மு. 1300ஐச் சேர்ந்தது, பத்து டன் செம்பும் ஒரு டன் தகரமும் இருந்தன. இப்படி ஒரு வலை அறுந்தால் அதை நம்பியிருந்த அரண்மனை ஆட்டம் காணும் என்பது நியாயமான அனுமானம். மற்றபடி வறட்சி, நிலநடுக்கம், கடல்வழி வந்த கொள்ளையர், உள்நாட்டுக் கலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. பைலோஸ் பலகைத் தொகுதி ஒன்றில், காவலர்கள் கடற்கரையைக் காக்கிறார்கள் என்று பட்டியல் வருகிறது. எதிரி வரப்போகும் பீதியில் எழுதியது என்று சிலர், வழக்கமான காவல் பட்டியல் என்று சிலர். வடக்கிலிருந்து டோரியர் (டோரிக் என்ற கிரேக்கப் பேச்சுவழக்கு பேசியவர்கள்) படையெடுத்து எல்லாவற்றையும் அழித்தார்கள் என்பது பழைய பாடநூல் கதை. டோரிக் பேச்சுவழக்கு தெற்கில் பரவியிருந்தது உண்மை, ஆனால் மண்ணைத் தோண்டியதில் ஒரு படையெடுப்பின் தடம் தெளிவாகக் கிடைக்கவில்லை.

எழுத்து மறைந்தது, ஊர்கள் குறைந்தன, நானூறு வருடம் போல அப்படியே போயிற்று. இருண்ட காலம் என்று பெயர் வைத்தார்கள். முழு இருட்டு இல்லை. யூபியா தீவின் லெஃப்கண்டியில் கி.மு. 950 அளவில் கட்டிய, ஐம்பது மீட்டர் நீளம் வரும் ஒரு கட்டடம் கிடைத்தது. உள்ளே சைப்ரஸ் வெண்கலக் கலயத்தில் ஒரு ஆணின் சாம்பல், பக்கத்தில் தங்க நகைகளோடு ஒரு பெண், நான்கு குதிரைகள். கடல் சாலை முழுதாக மூடவில்லை என்பதற்கு அந்தக் கலயமே சாட்சி.

நகர அரசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் இந்த இடைவெளியைத்தான் பார்க்கச் சொல்வேன், அதிலும் இரண்டு சொற்களை. மைசீனியப் பலகைகளில் அரசனுக்கு "வனக்ஸ்" என்று பெயர். "பசிலேயுஸ்" என்ற சொல்லின் பழைய வடிவமும் அங்கே வருகிறது, ஆனால் அது கொல்லர்களை மேற்பார்க்கும் ஆள், ஊர்ப் பெரியதனக்காரர் மாதிரி ஒரு சின்னப் பதவி. அரண்மனை எரிந்தபோது வனக்ஸும் போய்விட்டார், அந்தச் சொல் காவியத்திலும் தெய்வங்களின் பட்டப்பெயரிலும் மட்டும் தங்கியது. ஊரில் மிஞ்சியவர் பசிலேயுஸ். சில நூற்றாண்டுகள் கழித்து கிரேக்கத்தில் அரசன் என்பதற்கு அதுவே சொல்லாகிவிட்டது. அதாவது மேலே இருந்த அடுக்கு கழன்று விழுந்து, கீழே இருந்த ஊர்த் தலைவர்கள் அப்படியே மிச்சமானார்கள். ஒவ்வொரு ஊரும் தன் வயல், தன் கோயில், தன் கூட்டம் என்று வளர்ந்தது. இதற்குள் இரும்பு வந்திருந்தது. தகரம் மாதிரி தூரத்திலிருந்து வரவேண்டியதில்லை, அதனால் ஆயுதத்துக்கும் கொழுவுக்கும் ஒரு பெரிய அரண்மனையின் தயவு தேவைப்படவில்லை. கி.மு. 800க்கும் 750க்கும் இடையில் இன்றைய லெபனான் கரையின் கடல் வணிகர்களான ஃபினீஷியரிடமிருந்து எழுத்தை வாங்கி, அதில் தங்களுக்குத் தேவைப்படாத மெய்யெழுத்துகளை உயிரெழுத்தாக மாற்றிக்கொண்டார்கள். எண்பதுக்கு மேல் குறி கொண்ட லீனியர் பி கணக்குப்பிள்ளைகளின் சொத்தாக இருந்தது. இந்த இருபத்துச் சொச்சம் எழுத்தை யாரும் கற்கலாம், குடிக்கும் கோப்பையில் கேலிப் பாட்டுக் கிறுக்கவும் பயன்பட்டது. மலைக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஒரு சின்ன ஊர் பெரிய ஊரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மலையும் குன்றும் உதவின, பிரிந்தவர்கள் பிரிந்தே நீடிக்க வசதி செய்து கொடுத்தன. நிலம் அனுமதித்தது என்று எழுதுங்கள், உண்டாக்கியது என்று எழுதாதீர்கள். இது என் முடிவு. நிலத்துக்கு இதைவிடக் கூடுதல் எடை கொடுக்கும் நல்ல அறிஞர்களும் இருக்கிறார்கள்.

கோபன்ஹேகனில் ஓர் ஆய்வு மையம் பல வருடம் உட்கார்ந்து எண்ணியதில் பண்டைய கிரேக்க நகர அரசுகள் 1,035 என்று வந்தது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் அதில் அளவு மீறிப் பெரியவை. பெரும்பாலானவை நூறு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. அவற்றில் பாதிக்கு மேல் கிரீஸின் மலைகளுக்கு வெளியே இருந்தன என்று சொல்லத் துணிய மாட்டேன், ஆனால் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து சிசிலியின் சிரக்கூஸ், லிபியாவின் சைரீன், பிரான்ஸின் இன்றைய மார்சே, கருங்கடலின் ஒல்பியா என்று மிகத் தொலைவிலும், சமவெளிகளிலும், அவர்கள் இறங்கிய இடமெல்லாம் அதே மாதிரி நகர அரசைத்தான் நிறுவினார்கள். மலை இல்லாத இடத்திலும் அந்தப் பழக்கம் கூடவே போயிற்று.

மரபணு பற்றி ஒரு வார்த்தை, யாராவது கீழே வந்து கேட்பார்கள். 2017இல் வெளியான ஆய்வின்படி மினோவரும் மைசீனியரும் நெருங்கிய உறவுடையவர்கள், இருவரின் முன்னோரில் பெரும்பகுதி ஏஜியனையும் மேற்கு அனடோலியாவையும் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) சேர்ந்த பழைய விவசாயிகள். மைசீனியரிடம் வடக்கு அல்லது கிழக்கிலிருந்து வந்த ஒரு கலப்பு கூடுதலாக இருக்கிறது. மொழி வேறு, இரத்தம் வேறு; இதை வைத்து யார் எந்த மொழி பேசினார்கள் என்று சொல்ல முடியாது.

அப்புறம் யவனர். கிரேக்கர்கள் தங்களை ஹெலனியர் என்று சொல்லிக்கொண்டார்கள், கிரேக்கர் என்பது ரோமர்கள் வழியாகப் பரவிய பெயர். நம்மிடம் வந்த பெயர் இரண்டுமில்லை. ஏஜியனைத் தாண்டி இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் குடியிருந்த கிரேக்கர்கள் அயோனியர், பழைய வடிவம் "இயாவோன்". க்னோசோஸ் பலகை ஒன்றில்கூட அயோனியர் என்று படிக்கப்படும் ஒரு சொல் இருக்கிறது. பாரசீகர்கள் நிலவழியாக மேற்கே வந்தபோது முதலில் சந்தித்தது இவர்களை, அதனால் எல்லாக் கிரேக்கரையும் "யௌனா" என்றார்கள். வடமொழியில் யவன, தமிழில் யவனர். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் கப்பலின் யவனர், காலத்தால் ரோமப் பேரரசின் ஆட்களே, பெரும்பாலும் எகிப்துத் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர்களில் பலர் பேசியதும் எழுதியதும் கிரேக்கம்தான்: முசிறி வணிகத்துக்காக எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பப்பைரஸ் தாளில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கிறது, அது கிரேக்க மொழியில் இருக்கிறது. ஆகவே பெயர் சரி, மொழியும் பெரும்பாலும் சரி. ஆனால் பைலோஸ் பலகையில் ஆடு எண்ணிய கணக்குப்பிள்ளைக்கும் முசிறியில் மிளகு எடை போட்டவருக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.